சிவப்பு வீரன் ஏன் மண்டியிட்டான்?

ஜூலை 7, திங்கள்

வந்து சேர்ந்தேன். செங்கல்பட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் நெடுஞ்சாலை ஓரத்திலேயே பூங்காவின் கோட்டை வாசல் தெரிகிறது. கோட்டை முழுக்க சிமெண்ட். ஊழியர் குடியிருப்பில் ஆறாம் எண் அறை எனக்கு. கட்டில், மேசை, மின்விசிறி எல்லாம் இருக்கின்றன. ட்யூப்லைட் மங்கல். கதவு நிலையைக் குறுகலாக வைத்துவிட்டார்கள், பெட்டியோடு நுழையும்போது இடது தோள் நன்றாக இடித்துக்கொண்டது.

மேலாளர் முகுந்தனுக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பேசும்போது கைபேசியைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார்.

“மேடம், நீங்க வாரப் பத்திரிகையில இருபத்தேழு வருஷம் தொடர்கதை பார்த்தவங்கன்னு சொன்னாங்க. எங்க குதிரை ஷோவுல கதை ஒட்டவே மாட்டேங்குது. ஜனங்க கம்ப்ளைன்ட் எழுதிப் போடுறாங்க. ஆகஸ்ட் பதினஞ்சு லீவுக்குள்ள ஓட்டையெல்லாம் அடைச்சுக் கொடுங்க.”

தொடர்கதை பார்த்தேன் என்றால் எழுதினேன் என்று அர்த்தமில்லை. எழுதியவர்கள் வேறு. ஆறாம் வாரத்தில் கதாநாயகிக்கு இருந்த தம்பி பத்தொன்பதாம் வாரத்தில் காணாமல் போனால் கண்டுபிடிப்பது என் வேலை. செத்துப்போன மாமனார் தீபாவளிக்கு வந்து நின்றால் அவரைத் திருப்பி அனுப்புவதும் நான்தான். ‘உதவி ஆசிரியர் கோமதிநாயகி கண்ணில் படாமல் கொசுகூடப் பக்கத்தில் ஏறாது’ என்று அச்சுக்கூடத்தில் சொல்வார்கள். அது உண்மைதான். ஓய்வு பெற்ற மூன்று வருடத்தில் கை சும்மா இருக்க மறுக்கிறது, அதனால் ஒப்புக்கொண்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

பதினோரு மணிக் காட்சி பார்த்தேன்.

முதலாளி எங்கோ வெளிநாட்டில் பார்த்துவிட்டு வந்து ஆரம்பித்ததாம். வட்டமான மைதானம், சுற்றிலும் இருக்கைகள், நான்கு நிறமாகப் பிரித்திருக்கிறார்கள். சிவப்புச் சீட்டு வாங்கினால் சிவப்பு நாட்டு வீரனுக்குக் கத்த வேண்டும், பச்சைச் சீட்டென்றால் பச்சை வீரனுக்கு. வீரர்கள் இரும்புச் சட்டை போட்டு, இரும்புச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ‘அடேய் பாதகா’ என்று செந்தமிழ் பேசுகிறார்கள். இந்த ஆனி வெயிலிலே அந்த இரும்புக்குள் என்ன பாடு படுவார்கள் என்று நினைத்தால் பாவமாக இருந்தது.

கதை: மருதங்கோட்டு அரசனுக்கு ஒரே மகள். நான்கு நாட்டு வீரர்களில் வென்றவனுக்கு மாலை. மஞ்சளும் நீலமும் பாதியில் தோற்கிறார்கள். கடைசியில் சிவப்பும் பச்சையும். நடுவே ஒரு கயிறு, இருவரும் எதிரெதிரே குதிரையை விரட்டி வந்து ஈட்டியால் மோதுகிறார்கள். ஈட்டி முனை மட்டும் லேசான மரம், பட்டதும் சிதறுகிறது. பச்சையின் கேடயம் உடைந்து, ஆள் குதிரை மேல் ஆடுகிறான். சிவப்பு ஜெயிக்கப் போகிறது. நான் உட்கார்ந்திருந்த சிவப்புப் பகுதி முழுக்க எழுந்து நின்று கத்துகிறது.

அப்போது சிவப்பு வீரன் குதிரையிலிருந்து இறங்கி, பச்சையின் முன் மண்டி போடுகிறான். அரசன் எழுந்து, “பொழுது சாய்ந்தது, போரை நிறுத்துங்கள்” என்கிறார். மணி பதினொன்றே முக்கால், வெயில் மண்டையைப் பிளக்கிறது. இளவரசி மாலையோடு வந்து, கோவில் பிரகாரம் மாதிரி குதிரையைச் சுற்றிப் போய், அந்தப் பக்கம் நின்று பச்சைக்குப் போடுகிறாள். காட்சி முடிந்தது.

பக்கத்தில் யாரோ சுண்டல் பொட்டலத்தை நீட்டினார்கள். திடுக்கிட்டுப் போனேன். என் இடப்பக்கம் எப்போது வந்து உட்கார்ந்தார்கள் என்றே தெரியவில்லை. சத்தமே போடாமல் நடக்கிற ஜனங்கள்.

ஜூலை 9, புதன்

புகார் அட்டைகள் ஒரு சாக்கு நிறைய. நாள் முழுவதும் பிரித்துப் படித்தேன். பேனா மை எல்லாம் வெளிறியது, அட்டையைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது.

சிவப்பு வீரன் ‘கிழக்கு வாசல் வழியே வருவேன்’ என்று சபதம் செய்துவிட்டு மேற்கு வாசல் வழியே வருகிறான், முப்பத்தெட்டு பேர். பகலில் பொழுது சாய்வது, ஐம்பத்திரண்டு பேர். அமைதியான இடங்களில் முரசுப் பக்கமிருந்து ‘டொக்’ என்று சத்தம் வருகிறது, யாராவது சரி செய்யுங்கள், பத்தொன்பது பேர். அரசர் முதலில் ‘என் மூன்று மைந்தர்’ என்கிறார், பிறகு ‘மகனில்லாப் பாவி’ என்கிறார். இதற்குக் காரணம் எனக்கே தெரிந்துவிட்டது. அரச வேடம் போடும் நாடகக்காரர் கைதட்டலுக்காக வாய்க்கு வந்ததைச் சேர்க்கிறார். அவரிடம் பேசிக்கொள்ளலாம்.

மண்டி போடுவதுதான் பெரிய ஓட்டை. இருநூற்றுப் பதினாறு அட்டை. ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். நான்காம் வகுப்பு நஸ்ரின் எழுதியது: ‘சிவப்பு மாமா ஜெயிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஏன் மண்டி போட்டாங்க? நான் பஸ்ஸில் அழுதேன். அம்மாவுக்கும் தெரியவில்லை.’

நஸ்ரினுக்குப் பதில் சொல்லாமல் இங்கிருந்து போகப் போவதில்லை.

ஜூலை 11, வெள்ளி

அலுவலக அலமாரியில் நான்கு வருடத்துக்கு முந்தைய மூலப் பிரதி கிடைத்தது. அதில் ஒரு ஓட்டையும் இல்லை! மோதலுக்குப் பிறகு சிவப்பு கிழக்கு வாசலில் மறைந்து நின்று, பச்சையின் வலப்பக்கமாகப் பாய்கிறான். பச்சை கடைசி நொடியில் திரும்பி அவனைக் குதிரையிலிருந்து தள்ளுகிறான். அதனால் சிவப்பு மண்டி போடுகிறான். எல்லாம் ஒழுங்காக இருந்த கதையை யார் கெடுத்தது?

லாயத்துக்குப் போய் விசாரித்தேன். சிவப்பு வேடம் காதர் மொய்தீன். முன்பு மெரினாவில் குதிரை சவாரி விட்டவர், நல்ல உயரம்.

“அதெல்லாம் தானா மாறிப்போச்சு மேடம். யாரும் மாத்தல. ஷோ நல்லாத்தான போவுது, வுடுங்களேன்.”

பச்சை வேடம் இருதயராஜ். ஊட்டிப் பந்தய லாயத்தில் வளர்ந்தவர், மரியாதையான ஆள். ‘மிளகு’ என்ற கறுப்புப் பெண்குதிரை அவருடையது. அவருடையது என்றால் பூங்காவினுடையது, ஆனால் அது அவரைத் தவிர யாரையும் ஏற்றிக்கொள்ளாதாம். கேட்டதற்கு, “நாங்க குதிரை பாஷை பேசுறவங்க மேடம், கதை எங்களுக்கு என்ன தெரியும்” என்று சிரித்தார்.

முரசடிக்கும் தனபாக்கியம் எனக்குத் தேநீர் கொண்டுவந்தாள். பிளாஸ்க்கின் வாய் கோணல் போலிருக்கிறது, நான் ஊற்றியதில் பாதி டம்ளருக்கு வெளியே போயிற்று. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்காத கூட்டம்.

ஜூலை 14, திங்கள்

மகள் அகிலா ஓசூரிலிருந்து பேசினாள். கண் ஆஸ்பத்திரிக்கு மறுபடி தேதி வாங்கியிருக்கிறாளாம். வேலை முடியட்டும் என்றேன். “போன தடவையும் இதையேதான் சொன்ன” என்றாள். போன தடவை வேறு வேலை இருந்தது.

ஜூலை 17, வியாழன்

திருத்திய பிரதியை ஒப்படைத்தேன். பெரும்பாலும் மூலப் பிரதிதான். சிவப்பு கிழக்கு வாசல் வழியே வருகிறான், வலப்பக்கம் பாய்கிறான், தள்ளப்படுகிறான், மண்டி போடுகிறான். இளவரசி நேராக வந்து மாலை போடுகிறாள். தேவையில்லாத ‘டொக்’ அத்தனையும் நீக்கம். பொழுது சாயாது. முகுந்தன் புரட்டிப் பார்த்துவிட்டு, “சூப்பர் மேடம், இவ்வளவு சிம்பிளா!” என்றார். சிம்பிள்தான். ஒழுங்காக இருந்ததை ஒழுங்காக விட்டிருந்தால் என்னைக் கூப்பிட வேண்டிய வேலையே இல்லை.

இருதயராஜ் பிரதியை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். படிக்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

ஒத்திகை. நன்றாக நடக்கவில்லை.

நான் மைதான ஓரத்தில் பிரதியோடு நின்றிருந்தேன். மோதல் வரை சரி. பிறகு கிழக்கு வாசல் காட்சி. எங்கிருந்தோ சிவப்புக் குதிரை வந்தது. எங்கிருந்து என்றே எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு வேகம். பச்சை கடைசி நொடியில் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. நேரே பார்த்துக்கொண்டு, காற்று வாங்குகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். காதர் ஈட்டியை வீசி எறிந்தார், கடிவாளத்தை இழுத்தார், குதிரை ஒருக்களித்துச் சரிந்தது, ஆள் கீழே விழுந்தார். இடது மணிக்கட்டில் முறிவு இல்லை, சுளுக்கு மட்டும். குதிரைக்கு ஒன்றுமில்லை.

முகுந்தன் காதரைத்தான் திட்டினார். “நாலு வருஷ அனுபவம், ஒரு டர்ன் ஒழுங்கா எடுக்கத் தெரியாதா?” காதர் தலை குனிந்து நின்றார். இருதயராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். காதர் அவரை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், வாய் மூடிக்கொண்டது.

என் பிரதியில் தவறில்லை. மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டேன்.

ஜூலை 23, புதன்

மற்ற நாட்களில் பழைய காட்சியேதான் ஓடுகிறது. இன்று மூன்று காட்சியும் உட்கார்ந்து எண்ணினேன். கதாபாத்திரம் எந்த வாசலில் நுழைகிறது, எந்தப் பக்கம் நிற்கிறது, ‘டொக்’ எப்போது கேட்கிறது என்று கட்டம் போட்டு எழுதினேன்.

தனபாக்கியம் முரசின் தோலில் அடிப்பதில்லை, விளிம்புக் கட்டையில் குச்சியால் தட்டுகிறாள். முதல் காட்சியில் பதினேழு தட்டு, இரண்டில் பதினாறு, மூன்றில் பதினேழு. ஒவ்வொரு தட்டுக்கும் பச்சை வீரனின் வலப்பக்கம் யாராவது வருகிறார்கள். இடப்பக்கம் வந்தால் தட்டு கிடையாது. சிவப்பு மேற்கு வாசலில் வந்தால்தான் பச்சைக்கு இடப்பக்கம். இளவரசி குதிரையைச் சுற்றிப் போவதும் இடப்பக்கத்துக்குத்தான். கயிறு கட்டிய மோதலில் எதிராளி எப்போதுமே இடப்பக்கம்தான், அதனால் அதை மட்டும் மாற்றவில்லை.

கதையில் ஓட்டையில்லை. ஒரு மனிதனைச் சுற்றிக் கதையை வளைத்திருக்கிறார்கள். அந்த மனிதனின் வலப்பக்கம் ஒரு குதிரையைப் பாயவிட்டது நான்.

ஜூலை 24, வியாழன்

காலையில் லாயத்துக்குப் போனேன். இருதயராஜ் மிளகுக்கு உடம்பு தேய்த்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்கவில்லை.

“தம்பி, வலக்கண்ணு எப்பப் போச்சு?”

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “ரெண்டு வருஷம் ஆச்சு மேடம். தவக்காலத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ஷோ. ஈட்டி முனை தெறிச்சு, சட்டி இடுக்கு வழியா உள்ள வந்துருச்சு.”

“யாரு ஈட்டி?”

“காதரு.”

அப்போது அலுவலகத்தில் காய்ச்சல் என்று சொல்லி ஒரு மாதம் ஊருக்குப் போயிருக்கிறார். கண் சிவந்து அடங்கியபோது பார்வை இல்லை, வெளியே பார்த்தால் தெரியாது. திரும்பி வந்த முதல் நாள் காதரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார், சமாளித்துக்கொள்கிறேன் என்று.

“அன்னைக்கு ஷோவுல அவன் கிழக்கு வாசல்லேருந்து என் வலப்பக்கமா பாயணும் மேடம். நான் சத்தத்தை வெச்சுத் திரும்பிக்கலாம்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். சத்தமே வரல. பாத்தா, எனக்கு முன்னாடி வந்து குதிரையை விட்டு இறங்கி மண்டி போட்டு அழுவுறான். ஜனங்க நடிப்புன்னு நெனச்சாங்க. நம்ம ராஜாவுக்கு என்ன பண்றதுன்னு புரியல, பொழுது சாஞ்சிருச்சுன்னு எந்திரிச்சிட்டாரு. மறுநாளும் அப்படியே வெச்சுக்கிட்டோம். அவனால இன்னைக்கு வரைக்கும் அந்தப் பக்கம் பாய முடியல.”

இருநூற்றுப் பதினாறு அட்டைகளை நினைத்துக்கொண்டேன்.

“முகுந்தன் சாருக்குத் தெரிஞ்சா நாளைக்கே குதிரையை விட்டு இறக்கிடுவாரு. இறக்குறதும் நியாயம்தான். ஆனா எனக்கு வேற என்ன தெரியும் மேடம்? பதிமூணு வயசுல ஏறுனேன்.”

“கண்ணு தெரியாம ஈட்டிக்கு முன்னாடி போறது பைத்தியக்காரத்தனம். இன்னொரு கண்ணும் போனா?”

“தெரியும்.” பிறகு பிரஷ்ஷைக் கீழே வைத்தார். “நான் சொல்லிட்டேன். நீங்க எப்ப டாக்டர்கிட்ட போறீங்க?”

“நான் எதுக்கு?”

“வந்த அன்னையிலேருந்து பாக்குறோம். டீயை டம்ளருக்கு வெளிய ஊத்துறீங்க. அட்டையைச் சாய்ச்சு வெச்சுப் படிக்கிறீங்க. லாயத்துக்குள்ள வரப்பல்லாம் வாசலோட இடப்பக்கக் கட்டையில இடிக்கிறீங்க. இதெல்லாம் நானும் செஞ்சவன்தான் மேடம்.”

என் வேலை கதையைப் பார்ப்பது, உங்கள் வேலை குதிரையைப் பார்ப்பது, என்னைப் பார்க்க யாரும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதிகப்பிரசங்கி.

வெளியே வரும்போதும் இடப்பக்கக் கட்டையில் இடித்துக்கொண்டேன்.

ஜூலை 25, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. தலைவலி.

ஜூலை 26, சனி

வலக்கண்ணைக் கையால் மூடிக்கொண்டு நஸ்ரினின் அட்டையைப் பார்த்தேன். ‘ஏன்’ என்ற சொல் இல்லை. கையை எடுத்தேன், இருந்தது. மறுபடி மூடினேன், இல்லை.

அட்டையை மேசை இழுப்பறையில் வைத்தேன். துணி துவைத்தேன். கம்பியில் இரண்டு ஜாக்கெட் காய்ந்தன, மூன்றாவது தரையில் கிடந்தது.

ஜூலை 27, ஞாயிறு

கடைசிக் காட்சி முடிந்ததும் லாயத்துக்குப் போனேன்.

“நாளைக்குப் பூங்கா லீவு. ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்களும் வரணும். வந்ததுக்கப்புறம் நீங்களே முகுந்தன்கிட்ட சொல்லணும். நான் சொல்லமாட்டேன், ஆனா மறைக்கவும் மாட்டேன்.”

இருதயராஜ் யோசித்தார். பக்கத்தில் மணிக்கட்டில் துணி சுற்றி உட்கார்ந்திருந்த காதர், “போய்ட்டு வாடா. ரெண்டு வருஷமா தூக்கமில்ல எனக்கு” என்றார். அதன் பிறகு பேச்சுக்கு இடமில்லை.

ஜூலை 28, திங்கள்

மூவரும் போனோம். காதர் வெளியே பெஞ்சில் எங்கள் செருப்பையும் பையையும் காவல் காத்தார்.

ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். அங்கங்கே வெளிச்சப் புள்ளி வரும், தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். வலக்கண்ணுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். இடக்கண்ணுக்கு வந்தபோது இயந்திரம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். “மெஷின் ஓடலையேம்மா” என்றேன். “ஓடுதும்மா” என்றாள் அந்தப் பெண்.

கண் அழுத்த நோய். இடக்கண்ணில் பாதிக்கு மேல் பார்வை போய்விட்டது, போனது வராது. வலக்கண்ணைக் காப்பாற்றலாம். தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்து, ஆயுள் முழுக்க. ஒரு வருடம் முன்பே வந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது என்று மருத்துவர் சொன்னார். வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். அப்பாவுக்கு என்றேன். கடைசிப் பத்து வருடம் அப்பா குரலை வைத்துத்தான் எங்களைத் தெரிந்துகொண்டார். அதை மருத்துவரிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

இருதயராஜுக்கு வலக்கண் முற்றிலும் இல்லை. இடக்கண் நன்றாக இருக்கிறது. குதிரை ஏறலாம், ஆனால் முகத்துக்கு நேரே சில்லு தெறிக்கிற எதுவும் கூடவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பேருந்தில் மூவரும் ஒரே வரிசை. அவர் வலக்கோடி, நான் இடக்கோடி, நடுவில் காதர். ஒழுங்காக உட்கார்ந்தோம் என்று காதர்தான் சொன்னார். சிரித்தோம்.

ஜூலை 30, புதன்

இருதயராஜ் முகுந்தனிடம் சொன்னார். காதரும் தனபாக்கியமும் நானும் பின்னால் நின்றோம். முகுந்தன் முதன்முறையாகக் கைபேசியைக் கீழே வைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

“ரெண்டு வருஷமா? யாராவது செத்திருந்தா? அன்னைக்கு ஒத்திகையில...” என்று காதரைப் பார்த்தார். திட்டியது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். “ஸாரி பாஸ். ஆனா இருதயராஜ் இனிமே மைதானத்துக்குள்ள இறங்கக் கூடாது. சீட்டுக் கிழிக்கிற இடத்துல வேலை போட்டுத் தரேன். அதுக்கு மேல என்னால முடியாது.”

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் பயம் நியாயமான பயம்.

இருதயராஜ் தலையாட்டினார். காதர் ஏதோ கத்த ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்து, “எனக்கு மூணு நாள் கொடுங்க. கதையைச் சரி பண்ணத்தான கூப்பிட்டீங்க, இன்னும் சரி பண்ணல” என்றேன். எதை எழுதித் தரப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இருபத்தேழு வருடத்தில் ஒரு வரி நான் எழுதியதில்லை. மற்றவர்கள் எழுதியதை அடித்திருக்கிறேன், கூட்டியிருக்கிறேன், கழித்திருக்கிறேன். இன்று காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து மதியம் வரை எட்டு வரி எழுதினேன். மூன்றை அடித்தேன். ஐந்து தேறியது.

புதிதாக எதையும் கற்பனை செய்யவில்லை. நடந்ததை எழுதினேன்.

ஆகஸ்ட் 2, சனி

முகுந்தன் இரண்டு முறை படித்தார். ஈட்டி மோதலை மஞ்சளுக்கும் நீலத்துக்கும் மாற்றிவிட்டேன். பச்சையின் பக்கம் யார் ஈட்டியும் படாது, மருத்துவர் சொன்னதற்கு மாறாக ஒன்றுமில்லை. கடைசிக் காட்சியில் காதர் நிற்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும், பச்சைக்கு வலப்பக்கம் பத்தடி தள்ளி. அதைப் பதினைந்தடி ஆக்கினால் சரி என்றார் முகுந்தன். ஆக்கினேன். முதலாளியிடம் மருத்துவச் சீட்டையும் காட்டி அவரே பேசுவதாகச் சொன்னார்.

ஆகஸ்ட் 6, புதன்

ஒத்திகை. காதருக்கு முதல் இரண்டு முறையும் குதிரை பாதி வழியில் நின்றுவிட்டது. குதிரையைக் குற்றம் சொல்ல முடியாது, கடிவாளத்தை இழுத்தது காதர்தான். இருதயராஜ் மைதான நடுவிலிருந்து கத்தினார்.

“வாடா! நான்தான கூப்பிடுறேன், வா!”

மூன்றாவது முறை வந்தார். சரியாகக் கோட்டில் நின்றார்.

தனபாக்கியம் குச்சியை எடுத்திருந்தாள். இருதயராஜ் அவளிடம், “இந்த இடத்துல தட்ட வேணாங்க்கா. குளம்புச் சத்தம் போதும்” என்றார். அவள் குச்சியை மடியில் வைத்துக்கொண்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அரசரிடம் ‘பொழுது சாய்ந்தது’ போய்விட்டது என்று ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பதிலுக்கு ‘மகனில்லாப் பாவி’யை அவருக்கு விட்டுக்கொடுத்தேன், மூன்று மைந்தரை மட்டும் எடுத்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பத்து மணிக்கே எல்லா இருக்கையும் நிறைந்துவிட்டது. சிவப்புப் பகுதியில் இடக்கோடி இருக்கையைக் கேட்டு வாங்கினேன். அங்கே உட்கார்ந்தால் மைதானம் முழுவதும் என் வலப்பக்கம்.

கடைசிக் காட்சி. பச்சை வீரன் தலைச் சட்டியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நாலு பக்கமும் கேட்கும்படி சொன்னார்: “என் வலக்கண் எனக்கில்லை. அந்தப் பக்கம் வருகிறவனை நான் காணமாட்டேன். அந்தப் பக்கம் வந்து வெல்ல நினைப்பவன் வரலாம், நான் அசையமாட்டேன்.”

நாங்கள், சிவப்புக்காரர்கள், கத்தினோம். நானும் கத்தினேன். காதர் குதிரையைக் கிழக்கு வாசலுக்குக் கொண்டுபோய்த் திருப்பினார். ஈட்டியை நீட்டிக்கொண்டு வலப்பக்கமாக விரட்டி வந்தார். பாதி தூரத்தில் எங்கள் பகுதியில் கத்தல் நின்றுவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, தானாக நின்றது. குளம்புச் சத்தம் மட்டும். இருதயராஜ் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மிளகின் காது மட்டும் அசைந்தது.

காதர் கோட்டில் நின்றார். ஈட்டி கீழே விழுந்தது. இறங்கினார், சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தார், மண்டி போட்டார்.

“கண்ணுள்ள பக்கம் வந்து தோற்பேன். இந்தப் பக்கம் வந்து வெல்லமாட்டேன்.”

அது நான் எழுதிய வரி. ஆனால் அவர் அதைச் சொன்னபோது நான் எழுதியதாகவே தோன்றவில்லை. இருதயராஜ் குதிரையிலிருந்து இறங்கி அவரைத் தூக்கினார். அது பிரதியில் இல்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தோற்ற வீரனுக்காக எங்கள் பகுதி எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதேன். முகுந்தன் ஓடிவந்து, “மேடம், இளவரசி மாலையை ரெண்டு பேருக்கும் போட்டுட்டா, அது தப்பா?” என்று கேட்டார். தப்பில்லை என்றேன்.

நஸ்ரினுக்குப் போன வாரம் கடிதம் போட்டிருந்தேன். வந்தாளா தெரியாது.

ஆகஸ்ட் 16, சனி

மூட்டை கட்டுகிறேன். கிளம்புமுன் இந்த நாட்குறிப்பை முதலிலிருந்து படித்தேன். ஓட்டைகள் இருக்கின்றன. வழக்கம்போல் கடைசிப் பக்கத்தில் பிழை திருத்தம்:

ஜூலை 7, ‘ட்யூப்லைட் மங்கல்’. ட்யூப்லைட்டில் கோளாறில்லை. அதே நாள், ‘கதவு நிலை குறுகல்’. நேற்று அளந்தேன், மூன்றடி இருக்கிறது.

ஜூலை 8, ‘சத்தமே போடாமல் நடக்கிற ஜனங்கள்’. அவர் காட்சி முழுக்க என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர். சுண்டலுக்கு நன்றி சொல்லவில்லை.

ஜூலை 9, புகார் அட்டைகளில் மை நன்றாகவே இருக்கிறது.

ஜூலை 11, பிளாஸ்க்கின் வாய் நேராகவே இருக்கிறது.

ஜூலை 14, ‘போன தடவை வேறு வேலை இருந்தது’. போன தடவை எந்த வேலையும் இல்லை. பயந்துகொண்டு போகவில்லை.

ஜூலை 22, ‘எங்கிருந்தோ சிவப்புக் குதிரை வந்தது’. அது என் இடப்பக்கம் இருபதடி தூரத்தில் ஐந்து நிமிடமாக நின்றுகொண்டிருந்ததாம், காதர் சொன்னார். அன்று அதைப் பார்க்காதவர்கள் மைதானத்தில் இரண்டு பேர்.

விடைபெற்றுக்கொள்ள லாயத்துக்குப் போனேன். வாசலில் நுழையும்போது உள்ளேயிருந்து ‘டொக்’ என்று ஒரு தட்டு கேட்டது. நின்றேன். தலையைத் திருப்பிப் பார்த்தால், என் இடப்பக்கம் ஒரு முழ தூரத்தில் நான் எப்போதும் இடித்துக்கொள்கிற அந்தக் கட்டை. தனபாக்கியம் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போல முரசைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.